மில்லுக்கு ஒரு கட்டைதான்

எங்கள் பக்கத்தில் யாரிடமாவது தூரம் கேட்டால், அவர் முதலில் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார், ரோட்டை அல்ல. நீங்கள் களைத்துப்போய் நின்றால் "இந்தா, கிட்டத்தான், ஒரு கட்டை" என்பார். நீங்கள் ஓட்டோக்காரராக வந்து கூலி பேசினாலும் ஒரு கட்டைதான். பஸ் விடவேண்டிய தூரமா என்று விசாரிக்க யாராவது உத்தியோகத்தர் வந்தால் மட்டும் அதே இடம் ஐந்து கட்டைக்கு அப்பால் போய்விடும். கட்டை என்றால் மைல். ரோட்டோரம் மைல் கணக்குக்கு நட்டிருந்த கல்லைத்தான் அப்படிச் சொன்னார்கள். கிலோமீற்றர் வந்து எவ்வளவோ காலமாகியும் எங்கள் வாயிலிருந்து கட்டை போகவில்லை. இளம்பிள்ளைகள் கிலோமீற்றரையும் கட்டை என்கிறார்கள். ஆகவே எங்கள் ஊரில் ஒரு கட்டை என்பது ஒரு மைலாகவும் இருக்கலாம், ஒரு கிலோமீற்றராகவும் இருக்கலாம், வெறும் ஆறுதல் வார்த்தையாகவும் இருக்கலாம்.

அந்த ஆறுதல் வார்த்தையை வைத்தே தொழில் நடத்தியவள் என் மச்சாள்.

மச்சாள் என்றால் என் தம்பியின் மனைவி; அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். முரசுமோட்டைப் பக்கம் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே இறங்குகிற எங்கள் வாய்க்கால் ரோட்டின் கடைசியில் அவளுடைய மில் இருக்கிறது. அரிசி மாவும் மிளகாய்த்தூளும் அரைக்கிற மில். தம்பி காய்ச்சலில் போன பிறகு, அவன் வாங்கிப் போட்ட மெசினை வைத்துத்தான் இரண்டு பெண்பிள்ளைகளைப் படிப்பிக்கிறாள். எங்கள் ரோட்டின் முன்பகுதியில் வயற்காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன. நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். கடைசிப் பகுதியில் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள். மச்சாள் அந்தப் பக்கத்துப் பெண். தம்பி விரும்பிக் கட்டியபோது எங்கள் வீட்டில் கொஞ்சக்காலம் முகம் சுளித்தார்கள். அவள் அரைத்த தூளில் ஒருநாள் மீன்குழம்பு வைத்தார்கள், சுளிப்பு போய்விட்டது.

புது ஆட்கள் தொலைபேசியில் வழி கேட்டால் அவள் குரலில் தேன் வடியும். "பெரிய ரோட்டாலை திரும்பி நேர வாங்கோ. ஒரு கட்டைதான்." வந்து சேர்கிறவர்கள் வியர்த்து விறுவிறுத்து, வறுத்த மிளகாய்ப் பையோடு மில் வாசலில் நின்று முறைப்பார்கள். அவள் சிரித்தபடி பிளேன்ரீ ஊற்றிக் கொடுப்பாள். ஒருமுறை நான் கேட்டேவிட்டேன்.

"மச்சாள், இப்பிடிப் பொய் சொல்ல உங்களுக்கு வெக்கமில்லையோ?"

"பொய்யில்லை மச்சாள். உண்மையைச் சொன்னா ஒருத்தரும் வெளிக்கிடமாட்டினம். பாதி வழி வந்திட்டா ஒருத்தரும் திரும்பமாட்டினம்."

அவளுடைய தூள் நல்ல தூள். ஒருமுறை வந்தவர்கள் திட்டிக்கொண்டே மறுமுறையும் வந்தார்கள்.

இனி ரோட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் வாய்க்கால் ரோட்டை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கென்று ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். மாரி முடிய ஒவ்வொரு வருடமும் காசு சேர்த்து, கிறவல் என்கிற சரளைமண்ணைக் கொண்டுவந்து பறித்துப் பள்ளம் மூடுவது சங்கத்தின் வேலை. ஆரிடம் எவ்வளவு வாங்குவது என்பதில்தான் ஒவ்வொரு வருடமும் சண்டை. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், வாகனத்துக்குக் கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று தொலைபேசியில் கியூஆர் குறியீடு வந்தது அல்லவா, அப்போது எங்கள் சங்கத் தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது. லீற்றர் கணக்குக்கு ரோட்டுக் காசு.

"பெரிய அரசாங்கமும் அப்பிடித்தானே எடுக்குது? எண்ணெய்க்குள்ளை கரைச்சு விட்டா வாகனத்துக்கும் தெரியாது, ஓட்டுறவனுக்கும் நோகாது" என்றார்.

தொலைபேசியில் இருக்கிற லீற்றரை யாராலும் மறைக்க முடியவில்லை. ஆகவே அந்த ஏற்பாடு நன்றாகவே ஓடியது. கியூஆர் போன பிறகும் பழைய லீற்றர் கணக்கிலேயே கட்டிக்கொண்டிருந்தோம். அதைக் குழப்பியது நான்தான்.

நான் கிளிநொச்சியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரில் பெயர். பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களில் அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், இனி ஒரு சொட்டுப் பெற்றோலுக்கும் யாரிடமும் போய் நிற்கமாட்டேன் என்று எனக்குள் சத்தியம் செய்துவிட்டேன். பிறகு பற்றறி ஸ்கூட்டிகள் கடைகளுக்கு வந்ததும் ஒரு காப்பை விற்று ஒன்றை வாங்கினேன். குசினிச் சுவரில் இருக்கிற பிளக்கில் இரவில் கொழுவிவிட்டால் காலையில் அது தயார். சத்தமே இல்லாமல் ஓடும். நாய்களுக்குக்கூட நான் போய்விட்ட பிறகுதான் குரைக்க ஞாபகம் வரும்.

லீற்றர் பூச்சியம் என்றால் ரோட்டுக் காசும் பூச்சியம். அதைச் சங்கக் கூட்டத்தில் நான் கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன். "என்ரை ஸ்கூட்டி பச்சைத்தண்ணியும் குடியாது" என்றேன். பெருமையில் சொன்னதுதான். எங்கள் முன்வீட்டு அண்ணைக்கு அது பொறுக்கவில்லை. அவரிடம் இரண்டு உழவு இயந்திரம், ஒரு மோட்டார் சைக்கிள், எல்லாம் நன்றாக எண்ணெய் குடிக்கிறவை.

"உம்மட ஸ்கூட்டிக்குத்தான் ராங்கி இல்லைப் பிள்ளை, உமக்கு நல்லா இருக்கு" என்றார்.

பெற்றோல் ஊற்றுகிற ராங்கியையும் என் திமிரான ராங்கியையும் சேர்த்து அவர் போட்ட போட்டில் கூட்டமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. தலைவர் அப்போதுதான் அந்தப் புதினத்தை அவிழ்த்தார். அவருடைய மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், அவள் சொன்னதாம்.

"அங்கை சில இடங்களிலை இப்ப எண்ணெய்க்கு இல்லையாம், ஓடுற தூரத்துக்குத்தான் ரோட்டுக் காசாம். கரண்டிலை ஓடினா என்ன, காத்திலை ஓடினா என்ன, தேயிறது ரோட்டுத்தானே?"

அது நியாயம். நியாயமான கதைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வரும், பதில் வராது. கட்டைக்கு இவ்வளவு என்று முடிவாகிவிட்டது.

மீற்றர் பார்க்கிற நாளில் எல்லோரும் வாகனங்களைப் பொதுநோக்கு மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைக்குத்தான் எங்கள் ஊரில் மீற்றர் என்பது அழகுக்கு வைத்திருக்கிற சாமான் என்று தெரியவந்தது. பாதி மோட்டார் சைக்கிள்களில் முள் எந்தக் காலத்திலோ நித்திரையாகிவிட்டது. ஒருவர் வாங்கும்போதே வயர் அறுந்திருந்ததாகச் சத்தியம் செய்தார். உழவு இயந்திரத்தின் மீற்றர் தூரத்தைக் காட்டாது, ஓடிய மணித்தியாலத்தைத்தான் காட்டும். இரண்டு சில்லு உழவு இயந்திரங்களுக்கோ மீற்றரே கிடையாது. இன்னொருவர், நான் கிழமைக்கு இரண்டுதரம் வவுனியாவுக்குப் போறன், அந்தக் கட்டையையும் இந்த ரோட்டின் தலையில் கட்டுவீர்களோ என்று கேட்டார்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாகனத்தின் தூரம் வேண்டாம், வீட்டின் தூரம் போதும். பெரிய ரோட்டிலிருந்து ஒவ்வொரு வீடும் எத்தனை கட்டையில் இருக்கிறது என்று அளந்து, அந்தக் கட்டைக்குக் காசு. "சந்தியிலை ஒரு பலகை அடிச்சு, ஆர் எத்தினை கட்டை எண்டு எழுதிப்போடுவம். பிறகு ஒருத்தரும் கதை விடேலாது" என்றார் தலைவர்.

நான் மச்சாளைப் பார்த்தேன். அவள் முகத்தில் இரத்தமில்லை.

ஏனென்று எனக்கு உடனே விளங்கியது. அந்தச் சந்தியில்தான், பெரிய ரோட்டின் ஓரத்திலேயே, புது மில் ஒன்று திறந்திருந்தார்கள். மாபிள் பதித்த தரையும் மின்விசிறியுமாக. அதற்குப் பக்கத்தில் ஒரு பலகை நின்று மச்சாளின் மில் எத்தனை கட்டை என்று ஊருக்கெல்லாம் சொன்னால், மிளகாய்ப் பையோடு வருகிற எந்த மனிதர் அதை வாசித்துவிட்டு மேலே போவார்? மறுநாள் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் அமர்ந்தாள், ரீயைக் குடிக்கவில்லை.

"பிள்ளையளின்ரை படிப்பு இந்த மில்லாலைதான் ஓடுது மச்சாள். இந்தப் பலகை வந்தா மில்லின்ரை கதை முடிஞ்சுது" என்றாள்.

"அளக்கேக்கை நீங்களும் ஒரு கட்டை எண்டு சொல்லுங்கோ. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லப்போகினம், பாருங்கோ" என்றேன்.

அளக்கிறதற்கு ஓடுகிற மீற்றர் உள்ள வாகனம் வேண்டுமே. ஊர் முழுக்கத் தேடி, கடைசியில் என் ஸ்கூட்டிதான் கிடைத்தது. காசு கட்டாத ஸ்கூட்டியே எல்லோருடைய காசையும் தீர்மானிக்கப் போகிறது என்று முன்வீட்டு அண்ணை புலம்பினார். ஒரு ஞாயிறு காலை தலைவர் வெள்ளைச் சேட்டும் சாரமுமாக வந்து என் பின்னால் ஏறினார். பெரிய உடம்பு. பெண்பிள்ளையின் ஸ்கூட்டியில் ஏறுகிற வெட்கத்தில், எங்கள் இருவருக்கும் நடுவில் தன் குடையைக் குறுக்கே பிடித்துக்கொண்டார். பள்ளத்தில் விழுந்தெழும்பும் ஒவ்வொரு முறையும் அந்தக் குடை என் முதுகில் குத்தியது.

அன்றைக்குக் கண்ட கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்புத்தான். ஒவ்வொரு படலையிலும் ஆள் நின்றது. நாங்கள் வருமுன்பே "ஒரு கட்டை! ஒரு கட்டை!" என்று கத்தினார்கள். ஒரு அக்கா, தாங்கள் ரோட்டால் வருவதே இல்லை, வாய்க்கால் வரம்பால்தான் வருவது, ஆகவே வரம்பை அளக்கவேண்டும் என்று மறித்தார். இன்னொரு வீட்டுக்காரர் பின்பக்கத்து வேலியை வெட்டிப் புதுப் படலை ஒன்று வைத்திருந்தார், இதுதான் தன் முன்வாசல் என்றார். எனக்கும் ஒரு நியாயம் தோன்றியது.

"தலைவர், நான் பள்ளத்தைச் சுத்திச் சுத்தித்தான் ஓடுறன். அந்தச் சுத்தையும் மீற்றர் எண்ணுது. ரோட்டு எவ்வளவு பழுதோ அவ்வளவு காசு கூட. இதென்ன நியாயம்?"

"முன்னுக்குப் பார்த்து ஓடு பிள்ளை" என்றார் தலைவர்.

இரண்டாவது மதகு வரைக்கும் ஒருவாறு ஓடினேன். மதகைத் தாண்டியதும் கிறவல் நின்றுவிட்டது. வருடாவருடம் அதோடுதான் நிற்கும். அதற்கு அப்பால் கரிய களிமண், முந்தின நாள் மழையில் ஊறிப்போய்க் கிடந்தது. ஸ்கூட்டி இரண்டுதரம் வழுக்கியது, மூன்றாவதுதரம் சில்லு புதைந்து நின்றுவிட்டது. தலைவர் இறங்கினார். செருப்பு ஒன்று சேற்றுக்குள் போனது, அதைத் தேட மற்றதும் போனது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். நான் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். அவர் இந்தப் பகுதிக்கு வந்து எவ்வளவு காலமோ. ஒரு வளைவு, பிறகு இன்னொரு வளைவு, பிறகும் மில் வரவில்லை.

"இன்னும் எவ்வளவு தூரம் பிள்ளை?"

"இந்தா, ஒரு கட்டை" என்றேன். வாய் பழகிவிட்டது.

மில் வாசலில் மச்சாள் கால் கழுவத் தண்ணீர் வைத்தாள், பிளேன்ரீ கொடுத்தாள். தலைவர் முழங்கால்வரை சேறோடு மர வாங்கில் அமர்ந்து மூச்சு வாங்கினார். நான் ஸ்கூட்டியின் மீற்றரை என் தோளில் கிடந்த சோல் துணியால் மூடிவிட்டேன். அவர் அதைக் கவனித்தார். "கூட்டத்திலை ஒவ்வொருத்தரும் தங்கடை கட்டையைச் சொல்லட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்து வயலுக்கு வந்திருந்த உழவு இயந்திரத்தில் ஏறித் திரும்பினார்.

அடுத்த ஞாயிறு கூட்டம். தலைவர் வீட்டுக்கு வீடு கூப்பிட்டுத் தூரம் கேட்டார். சந்தியிலிருந்து உள்ளே வர முதலில் வருகிற வீட்டுக்காரர் மட்டும் "அரைக்கட்டை" என்று உண்மை சொன்னார்கள். மற்ற எல்லோரும் ஒரு கட்டை. வளைவுக்கு இந்தப் பக்கமும் ஒரு கட்டை, அந்தப் பக்கமும் ஒரு கட்டை. ஒவ்வொரு கட்டைக்கும் சிரிப்பு. எனக்கு மனம் லேசாகிவிட்டது. இந்த அலுவல் இப்படியே பகிடியில் முடியப்போகிறது, பலகையில் எல்லோருக்கும் ஒரே தூரத்தை எழுதுவார்கள், மில் தப்பிவிடும்.

"மில் எத்தினை கட்டை?" என்று தலைவர் கேட்டார்.

மச்சாள் எழும்பினாள். எப்போதும் சிரிக்கிறவள், அன்றைக்குச் சிரிக்கவில்லை. "ஒண்டெண்டு சொல்லுங்கோ" என்று நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"தலைவர், கிறவல்காரனுக்குச் சொல்லேக்கை எங்கட ரோட்டு எத்தினை கட்டை எண்டு சொல்லுறனீங்கள்?"

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு கட்டை எண்டுதான்..."

"அதுதான் கிறவல் மதகோடை நிக்குது" என்றாள். "நானும் எல்லாருக்கும் ஒரு கட்டை, ஒரு கட்டை எண்டு சொல்லிச் சொல்லி, என்ரை ரோட்டை நானே வெட்டிப்போட்டன். என்ரை மில் மூண்டரைக் கட்டை. ஓம், மூண்டரை. எழுதுங்கோ. பலகையிலையும் பெரிசா எழுதுங்கோ. நான் மூண்டரைக் கட்டைக்கும் காசு தாறன். ஆனா கிறவலும் மூண்டரைக் கட்டைக்கு வரவேணும்."

முன்வீட்டு அண்ணைதான் முதலில் வாய் திறந்தார். "அவ்வளவு தூரத்துக்குக் கிறவல் பறிக்கச் சங்கத்திலை எங்காலை காசு?"

"அப்ப கிறவல் போற தூரத்துக்குத்தான் தருவன் அண்ணை. மதகுக்கு அங்காலை நான் உங்கட ரோட்டிலை இல்லை. இவ்வளவு காலமும் லீற்றருக்குத் தந்தனான்தானே? செத்துப்போன என்ரை மனிசன்ரை பழைய மோட்டார் சைக்கிளிலை தூள் பையளைக் கட்டிக்கொண்டு அந்தச் சேத்துக்கை முக்கி முக்கி எரிச்ச லீற்றர் அது. நீங்கள் கிறவலிலை சொகுசா ஓடினியள். நான் உங்களைவிடக் கூட எரிச்சு, கூடக் காசு தந்து, சேத்துக்கை நிண்டனான்."

பின்வரிசையில் இருந்த கடைசிப் பகுதி ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக எழும்பினார்கள். "நாங்களும் மூண்டு கட்டை." "நாங்கள் மூண்டேகால்." சற்று முன் ஒரு கட்டை என்று சொல்லிச் சிரித்த அதே வாய்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தன் பிழைப்பையே தூக்கி அந்த மேசையில் வைத்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். சந்திப் பலகையில் மூன்றரை என்று எழுதிய பிறகு கிறவல் வராமல் போனால், ரோட்டும் இல்லை, மில்லும் இல்லை. நானாக இருந்தால் ஒரு கட்டை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

தலைவர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேறு கழுவிப்போன கால்கள்தான், ஆனாலும் பார்த்தார். முன்வீட்டு அண்ணை என்னவோ சொல்ல வந்தபோது அவர் கையை உயர்த்தினார்.

"இந்தமுறை கடைசியிலை இருந்து போட்டுக்கொண்டு வருவம். காசு முடியிற இடத்திலை முடியட்டும்" என்றார்.

காசு முடிகிற இடம் எங்கள் முன்பகுதியாக இருக்கும் என்பது எல்லோருக்கும் விளங்கியது. என் வீட்டு வாசலும் அதில் அடக்கம். பற்றறி ஸ்கூட்டிக்கும் நான் கட்டைக் காசு கட்டத் தொடங்கியது அன்றிலிருந்துதான். முன்வீட்டு அண்ணை இன்றைக்கும் என்னோடு முழுதாகக் கதைப்பதில்லை. அவருடைய மனைவி மட்டும் மிளகாய் வறுத்து என்னிடம் தந்து, மில்லுக்குக் கொண்டுபோகச் சொல்வார்.

பலகை முதலில் வந்துவிட்டது. கிறவல் வரப் பிந்தியது. அந்த இடைப்பட்ட நாட்களில் மில்லுக்கு ஆட்கள் குறைந்தார்கள். சந்தியில் பலகையை வாசித்துவிட்டுப் புது மில்லுக்குள் திரும்புகிறவர்களை, வேலைக்குப் போகும்போது என் கண்ணாலேயே கண்டேன். மச்சாளிடம் சொல்லவில்லை.

கிறவல் ஏற்றிய டிப்பர் லொறி வந்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. மச்சாளை ஏற்றிக்கொண்டு சந்தியிலேயே காத்து நின்று, டிப்பருக்கு முன்னால் வழிகாட்டி ஓடினேன். சாரதி புது ஆள். ஆனாலும் அவருக்கு முன்னால் வந்தவர்கள் சொல்லிவிட்டிருப்பார்கள், மதகுக்குக் கிட்ட வந்ததும் வேகத்தைக் குறைத்து, பின்பெட்டியை உயர்த்திக் கொட்ட ஆயத்தமானார். மச்சாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டியில் எழும்பி நின்றேவிட்டாள்.

"இஞ்சை இல்லைத் தம்பி! இன்னும் ஒரு கட்டை!"

அவர் முன்னே வந்தார். களி காய்ந்து கிடந்தது, பாரம் தாங்கியது. முதல் வளைவில் தலையை வெளியே நீட்டினார். "இன்னும் ஒரு கட்டைதான்!" என்று கத்தினாள். அடுத்த வளைவிலும் அதே கட்டை. திருப்புவதற்கு அந்த ரோட்டில் எங்கும் இடமில்லை. பாதி வழி வந்தவர் டிப்பரில் வந்தாலும் திரும்பமுடியாது. நான் சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டி ஆடியது.

மில் வாசலில் சாரதி இறங்கிக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பாவம், நல்ல பொடியன். வந்த வழியை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, இதுவோ ஒரு கட்டை?"

"கிறவலைப் போடுங்கோ தம்பி" என்றாள் மச்சாள். "இனி ஒரு கட்டைதான்."